தண்ணி ஊத்துனியா?

ஒரு செடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றால் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவோம். மறுநாளும் தொங்கினால் இரண்டு சொம்பு. அதற்கும் நிமிராவிட்டால், வீட்டில் யார் தண்ணீர் ஊற்றாமல் விட்டது என்று விசாரணைக் கமிஷன் உட்காரும். தண்ணீர் ஊற்றியதாலேயே ஒரு செடி வாடும் என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள்.

மதுரை திருநகர் பக்கம் ஒரு தெருவில், இந்த ஒரு விஷயம் தெரியாமல் போனதால் ஒரு பையன் நான்கு நாள் பொய்யனாக இருந்த கதை இது. நடுநடுவே கொஞ்சம் செடி வைத்தியமும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

பெயர் எதுவும் வேண்டாம். தெருவில் எல்லோரும் கூப்பிடுவது போல அந்த அம்மாவை டீச்சர் என்றே சொல்லலாம். 31 வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு மொட்டை மாடியில் 23 தொட்டிகள். குண்டுமல்லி 9, ரோஜா 6, செம்பருத்தி 3, நந்தியாவட்டை 2, அரளி 2, மிச்சம் ஒன்று இட்லிப்பூ. மல்லியில் ஒன்று மட்டும் சிமெண்ட் தொட்டியில் இருந்தது. டீச்சர் ராமநாதபுரம் மாவட்டத்தில் வேலை பார்த்தபோது 2009-ல் தங்கச்சிமடத்தில் இருந்து கொண்டுவந்த நாற்று. (மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மதுரை மல்லி நாற்றுக்கு விவசாயிகள் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்துக்குப் போவார்கள் என்பது மதுரைக்காரர்களிலேயே பல பேருக்குத் தெரியாது.) மற்ற எட்டு மல்லிகளும் அந்தச் செடியில் பதியம் போட்டு எடுத்த பிள்ளைகள்தான். பக்கத்து வீட்டுக்கும் ஒன்று போயிருந்தது. அது பிறகு வரும்.

2023 ஏப்ரல் கடைசியில் டீச்சரும் சாரும் மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் கிளம்பினார்கள். 17 நாள். பக்கத்து வீட்டில் ஒரு பையன், ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்தான். மாடிப்படி வீட்டுக்கு வெளியிலேயே இருப்பதால் சாவி கொடுக்கும் பிரச்சினைகூட இல்லை. டீச்சர் அவனைக் கூப்பிட்டு வாளியையும் மக்கையும் காட்டினார். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். "காலை ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு மக். மாலை ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு மக்." அவ்வளவுதான். திரும்பி வந்ததும் 500 ரூபாய் தருவதாகப் பேச்சு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டீச்சர் தினமும் காலையும் மாலையும் மாடிக்குப் போவது உண்மை. ஆனால் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒவ்வொரு மக் அவர் ஒரு நாளும் ஊற்றியதில்லை. இதற்குக் கொஞ்சம், அதற்கு அரை மக், மழை பெய்த மறுநாள் எதற்கும் கிடையாது, நந்தியாவட்டைக்கு நாளைக்குப் பார்க்கலாம் என்று கையே முடிவு செய்துகொண்டு போகும். அப்படி முடிவு செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. சமையலில் உப்பு எவ்வளவு என்று அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு ஸ்பூன் என்பார்கள். போடுவது ஒரு ஸ்பூனாகவே இருக்காது. அதே கதைதான்.

பையன் தாளில் இருந்ததைச் செய்தான். ஒரு நாள்கூட விடவில்லை. ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு, காலைக்கு ஒரு டிக், மாலைக்கு ஒரு டிக். அந்த மே மாதத் தொடக்கத்தில் நாலைந்து நாள் சாயங்காலம் கோடை மழை கொட்டியது. மழை நின்ற பிறகும் போய் ஒரு மக் ஊற்றிவிட்டு வந்தான். தாளில் மழை பற்றி எதுவும் இல்லையே!

இன்னொன்றும் செய்தான். மாடியில் இருந்து வடிகிற தண்ணீர் குழாய் வழியாக இறங்கி, கீழ் வீட்டுக்காரர் பைக் சீட்டின் மேல் செம்மண்ணும் சேறுமாக விழுந்தது. அவர் மூன்றாம் நாளே சத்தம் போட்டார். பையன் யோசித்தான். வீட்டில் கிடந்த பெயிண்ட் டப்பா மூடி, பிளாஸ்டிக் தட்டு, உடைந்த பேசின் எல்லாம் பொறுக்கி வந்து தொட்டிகளுக்கு அடியில் வைத்தான். பைக் பிரச்சினை தீர்ந்தது. கெட்டிக்காரத்தனம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வடிந்து போக வேண்டிய தண்ணீர் அன்றிலிருந்து தட்டில் நின்றது. தொட்டியின் அடிமண் இரவும் பகலும் ஊறிக்கொண்டே இருந்தது.

17 நாள் கழித்து பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து இறங்கினார்கள். பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் டீச்சர் மாடிக்குப் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். மல்லி இலை எல்லாம் துவண்டு, மொட்டு மஞ்சளாகி உதிர்ந்து கிடந்தது. ரோஜாக் கிளைகள் நுனியில் இருந்து கறுத்துக்கொண்டு வந்தன. தொட்டி மேல்மண் வெளுத்து வெடித்திருந்தது. மே மாத மதுரை வெயிலில் மேல்மண் வெடிக்க ஒரு மணி நேரம் போதும் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. கீழே இறங்கி வந்து பக்கத்து வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார்.

"தண்ணி ஊத்துனியாடா?"

"ஊத்துனேன் டீச்சர். ரெண்டு வேளையும்."

"நெசமாவா?"

"நெசமா டீச்சர். நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன்."

ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். அதுதான் வினையாகிவிட்டது. 34 டிக்கும் ஒரே நீலப் பேனாவில், ஒரே மாதிரி, வரிசையாக இருந்தன. 31 வருடமாக ஹோம்வொர்க் நோட்டு திருத்திய கண்ணுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும்? லீவு முடிகிற கடைசி ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதிய நோட்டுகளை எத்தனை பார்த்திருப்பார்! பி.காம் படிக்கிறவர்கள் பாஷையில் சொன்னால், வவுச்சர் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, கல்லாவில்தான் சரக்கு இல்லை. எந்த ஆடிட்டருக்கும் முதலில் சந்தேகம் வருவது அப்படிப்பட்ட கணக்கில்தான்.

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பையனின் அம்மா கையில் 500 ரூபாயைக் கொடுத்துவிட்டு, "பரவால்லம்மா, வெளையாட்டுப் பிள்ள தானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு வார்த்தை போதாதா? அம்மா பையனைப் பிடித்துக்கொண்டார். "உண்மையச் சொல்லு, கிரிக்கெட் வெளையாடப் போயிட்டு ஊத்துனேன்னு எழுதுனியா?" அவன் எத்தனை முறை சொல்லியும் எடுபடவில்லை. செடி வாடிக் கிடப்பது தெருவுக்கே தெரிகிறது, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? 500 ரூபாய் நோட்டு ஃப்ரிட்ஜ் மேலேயே கிடந்தது. அவனும் தொடவில்லை, அவன் அம்மாவும் தொடவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த மதில் வழியாகக் கறிவேப்பிலையும் குழம்பும் போய்வருவது நின்றது.

மாடியில் டீச்சர் வைத்தியம் ஆரம்பித்தார். 17 நாள் தாகத்தைத் தீர்க்க வேண்டும் அல்லவா, ஒரு நாளைக்கு மூன்று வேளை தண்ணீர். தெம்புக்கு ஆளுக்கு ஒரு ஸ்பூன் டி.ஏ.பி. தெருவில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். முட்டை ஓடு போடுங்கள், டீத்தூள் போடுங்கள், மோரில் பெருங்காயம் கரைத்து ஊற்றுங்கள், திருஷ்டி பட்டிருக்கிறது, பூசணிக்காய் கட்டுங்கள்... (கடைசி வைத்தியத்தால் செடிக்குக் கெடுதல் எதுவும் இல்லை என்பதையாவது ஒத்துக்கொள்ள வேண்டும்.) நான்காம் நாள் இரண்டு மல்லி மொத்தமாகக் காய்ந்து குச்சியாகிவிட்டது. பிடுங்கிக் குப்பையில் போட்டார். மற்றவை இன்னும் மோசமாயின.

அன்று சாயங்காலம் ஒரு மல்லித் தொட்டியை ஆட்டோவில் வைத்துக்கொண்டு, வழக்கமாக மண் வாங்கும் நர்சரிக்குப் போனார். நர்சரிக்காரர் தொட்டியை இறக்க இரண்டு கையாலும் தூக்கினார். தூக்கியதும் சிரித்துவிட்டார்.

"என்ன டீச்சர், இம்புட்டுக் கனம் கனக்குது?"

"17 நாளா தண்ணி இல்லாமக் கெடந்துச்சு அண்ணே. நாலு நாளாத்தான் ஊத்துறேன்."

அவர் பதில் சொல்லவில்லை. தொட்டியைச் சாய்த்து, விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, செடியை மண்ணோடு உருவி எடுத்தார். சாக்கடை போல ஒரு நாற்றம். வேர் எல்லாம் பழுப்பு நிறம். ஒரு வேரைப் பிடித்து இழுத்தார். தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சியது.

"இது நாலு நாள்ல ஆகுற வேலை இல்ல டீச்சர். பாருங்க, அடி வரைக்கும் அழுகிப் போச்சு. ரெண்டு மூணு வாரமாத் தண்ணில நின்னுருக்கு. ஊத்தாம வாடல. ஊத்தி ஊத்தி வாடியிருக்கு."

டீச்சருக்கு முதலில் செடி ஞாபகம் வரவில்லை. நீலப் பேனா டிக்தான் ஞாபகம் வந்தது.

அவர் திரும்பி வருவதற்குள், நர்சரிக்காரர் சொன்னதன் அறிவியலைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். வேரும் மூச்சு விடும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் உள்ள காற்றில் இருந்து அது ஆக்சிஜனை எடுக்கிறது. அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிரம்பி அப்படியே நின்றால் வேருக்கு மூச்சுத் திணறும். நுனி வேர்கள் முதலில் சாகும். தண்ணீரை உறிஞ்சும் முக்கியமான வேலை அந்த நுனிகளுடையதுதான். பிறகு ஈரத்தில் பெருகும் பித்தியம், ஃபைட்டோப்தோரா மாதிரியான நுண்ணுயிரிகளும் பூஞ்சைகளும் மிச்ச வேரை அழுக வைக்கும். உறிஞ்ச வேர் இல்லை. மேலே இலை வெயிலில் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது. ஆக, கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தில் சாகிறது. வெளியில் பார்த்தால் தண்ணீரே காணாத செடி மாதிரியேதான் தொங்கும். பார்க்கிறவர் இன்னும் ஊற்றுவார். டி.ஏ.பி வேறு போட்டால் கேட்கவே வேண்டாம். உரமும் ஒரு உப்புதான், வேரைச் சுற்றி உப்பு கூடினால் மிச்சம் இருக்கிற வேரும் கருகும்.

வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாதா என்றால், முடியும். தாகத்தில் வாடிய இலை அப்பளம் மாதிரி மொரமொரவென்று, ஓரம் காய்ந்து இருக்கும். மண் தொட்டி விளிம்பை விட்டு விலகியிருக்கும், தொட்டி லேசாக இருக்கும். தண்ணீரில் மூழ்கிய செடியின் இலை மெத்தென்று துவளும், அடி இலைகள் முதலில் மஞ்சளாகும், மண் மேல் பச்சைப் பாசி பிடித்திருக்கும், குட்டிக் கொசு மாதிரி பூச்சி பறக்கும். இதெல்லாம் நினைவில் நிற்காது என்பவர்கள் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்தால் போதும். உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. இன்னொன்று, நட்ட நடு மதியத்தில் எந்தச் செடியையும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. செம்பருத்தி மாதிரி பெரிய இலைச் செடிகள் உச்சி வெயிலில் எப்படியும் கொஞ்சம் தொங்கும், சாயங்காலம் தானாக நிமிரும். டீச்சர் மாடிக்குப் போனதோ பகல் பன்னிரண்டு மணிக்கு.

வீட்டுக்கு வந்தவர் நேராக மாடிக்குப் போனார். டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு தொட்டியாக விரலை விட்டுப் பார்த்தார். அப்போதுதான் அடியில் இருந்த பெயிண்ட் டப்பா மூடிகள் கண்ணில் பட்டன. தொட்டியும் மூடியும் ஒரே மண் நிறமாக இருந்ததில் நான்கு நாளாக அவற்றைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறார்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு வாசல். எந்தப் படியில் நின்று "வெளையாட்டுப் பிள்ள" என்று சொன்னாரோ அதே படி. அன்று மெதுவாகச் சொன்னார். இன்று தெருவுக்கே கேட்கிற மாதிரி, வகுப்பறைக் குரலில் சொன்னார். "அவன் ஊத்தியிருக்கான்மா. 17 நாளும் ஊத்தியிருக்கான். நாந்தான் வெவரம் தெரியாமப் பேசிட்டேன்." பையனின் அம்மா என்ன சொல்வது என்று தெரியாமல், "காபி சாப்பிடுங்க டீச்சர்" என்றார். டீச்சர் உட்கார்ந்து காபி குடித்தார். பையன் உள்ளறையில் இருந்து வரவே இல்லை.

பத்து மணிக்கு அவனாகவே மாடிக்கு வந்தான். நர்சரியில் இருந்து திரும்பி வந்த செடியை டீச்சர் காட்டினார். அழுகிய வேரைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"நாந்தான் சொன்னேன்ல டீச்சர், ஊத்துனேன்னு."

"சொன்ன."

கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பிறகு, "அந்தத் தட்டு எல்லாம் நாந்தான் வச்சேன் டீச்சர்" என்றான்.

யாரும் கேட்காத கேள்விக்கு அவன் சொன்ன பதில் அது. சொல்லாமல் இருந்திருந்தால் எல்லாப் பழியும் டீச்சரின் தாள் மேலேயே போயிருக்கும். 34 டிக்கை நம்பாத டீச்சருக்கு அந்த ஒரு வரி கேட்ட பிறகு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து வேலையை ஆரம்பித்தார்கள். முதல் வேலை, எது உயிரோடு இருக்கிறது என்று பிரிப்பது. நகத்தால் தண்டின் தோலை லேசாகச் சுரண்ட வேண்டும். அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் அந்த இடம் போய்விட்டது, இன்னும் கீழே சுரண்டிப் பார்க்க வேண்டும். இலை இல்லாததால் செத்தது என்று பிடுங்கி எறிந்த இரண்டு மல்லியையும் சுரண்டிப் பார்க்கவில்லையே என்று டீச்சர் புலம்பினார். கம்பெனிகள் வாராக்கடன் என்று தள்ளி வைக்கும் முன் எத்தனை நோட்டீஸ் அனுப்புகின்றன. செடிக்கு ஒரு சுரண்டல்கூடக் கிடைக்கவில்லை.

மிச்சம் இருந்த ஏழு மல்லியையும் வெளியே எடுத்து, அழுகிய மண்ணை உதறி, வேரைத் தண்ணீரில் அலசினார்கள். வழுவழுப்பான பழுப்பு வேர்களைக் கத்தரித்து, வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ கெட்டியாக இருந்த வேர்களை மட்டும் விட்டார்கள். ஒரு செடியில் இருந்து அடுத்த செடிக்குப் போகும் முன் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்தார்கள். இல்லையென்றால் நோய் கத்தரியிலேயே சவாரி செய்யும்.

அடுத்து மனசு கேட்காத வேலை. மேலே கிளைகளையும் பாதிக்குப் பாதி வெட்ட வேண்டும். வேர் பாதி போய்விட்டது, அத்தனை இலைக்கும் தண்ணீர் அனுப்ப அதற்குச் சக்தி கிடையாது. இருந்த மொட்டுகளையும் கிள்ளிப் போட வேண்டும். மே மாதம், மல்லி சீசன், மொட்டைக் கிள்ளி எறிய எந்த மதுரைக்காரிக்குக் கை வரும்? டீச்சர் திரும்பிக்கொண்டார், பையன்தான் கிள்ளினான்.

பழைய தொட்டிகளைக் கழுவி, அடி ஓட்டைகளைக் கம்பியால் குத்தி அடைப்பு எடுத்து, ஓட்டின் மேல் ஓட்டுச் சில்லு ஒன்று கவிழ்த்து வைத்தார்கள். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழு உரம். அதோடு, உர டிப்போவில் கிடைக்கும் ட்ரைக்கோடெர்மா விரிடி பொடி கொஞ்சம். இது நல்ல பூஞ்சை, வேரை அழுக்கும் பூஞ்சைகளோடு மல்லுக்கு நிற்கும். பெரிய தொட்டிக்கு மாற்றக்கூடாது என்று நர்சரிக்காரர் எச்சரித்திருந்தார். வேர் கொஞ்சம், மண் அதிகம் என்றால் ஈரம் உலராமல் மறுபடி அதே கதை. நட்டு, ஒரே ஒரு முறை தண்ணீர் விட்டு, மாடிப்படிக்கு அடியில் நிழலில் வரிசையாக வைத்தார்கள். புதுத் துளிர் வரும் வரை உரம் என்ற பேச்சே கிடையாது. ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டு இருப்பவருக்கு யாராவது பிரியாணி வாங்கிப் போவார்களா?

ரோஜாவுக்கு வேறு வைத்தியம். நுனியில் இருந்து கறுத்துக்கொண்டே இறங்கும் நோய் அதற்கு. கறுப்பு தெரிகிற இடத்தில் வெட்டினால் போதாது, வெட்டிய முகத்தின் நடுவில் சோறு வெள்ளையாகத் தெரிகிற வரை கீழே வர வேண்டும். வெளிப்பக்கம் பார்க்கும் மொக்குக்கு மேலே, சாய்வாக வெட்டி, வெட்டு வாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் குழைத்துப் பூசினார்கள். ஆறில் இரண்டு வெட்டிக்கொண்டே போய் மண் வரைக்கும் வந்துவிட்டது. மிச்சம் நான்கும் துளிர்த்தன. ஆனால் அதில் இரண்டு, ஒட்டுக்கு மேலே உள்ள ரோஜா செத்துப் போய், ஒட்டுக்குக் கீழே இருக்கும் காட்டு ரோஜா துளிர்த்தது. பச்சைப் பசேலென்று வேகமாக வளர்ந்ததைப் பார்த்து டீச்சருக்கு ஒரே சந்தோஷம். நர்சரிக்காரர் வந்து பார்த்துத்தான் அது வேற ஆள் என்று சொன்னார். பேலன்ஸ் ஷீட்டில் லாபம், கையில் ஒன்றும் இல்லை! :-)

செம்பருத்திக்குத் தண்ணீர்ப் பிரச்சினையைவிட மாவுப்பூச்சிதான் பிரச்சினை. நுனி சுருண்டு, பஞ்சு ஒட்டிய மாதிரி வெள்ளையாக இருந்தது. எறும்பு சாரை சாரையாக ஏறினால் பெரும்பாலும் மேலே மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது என்று அர்த்தம். அது கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். (2008-ல் தமிழ்நாட்டுக்குள் வந்த பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தின்று தீர்த்து செம்பருத்தியையும் விடவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அதைத் தனியாகவே எழுதலாம்.) டியூபில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, மோசமான நுனிகளை வெட்டி, சோப்புக் கரைசலில் வேப்பெண்ணெய் கலந்து வாரம் ஒரு முறை அடித்ததில் மூன்றும் பிழைத்துக்கொண்டன. நந்தியாவட்டைக்கும் அரளிக்கும் எதுவும் ஆகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அத்தனை தண்ணீருக்கு நடுவிலும் ஒரு செடி உண்மையாகவே தாகத்தில் வாடியிருந்தது. இட்லிப்பூ. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒதுங்கி இருந்ததால் மழை படவில்லை. பையன் தட்டு வைக்க மறந்த தொட்டியும் அதுதான். நர்சரியில் வாங்கியபோது இருந்த தேங்காய் நார்க்கழிவிலேயே அது இருந்தது. நார்க்கழிவு ஒரு முறை முழுக்கக் காய்ந்துவிட்டால் மேலே ஊற்றும் தண்ணீரைச் சட்டென்று ஏற்காது. பக்கவாட்டில் இறங்கி அடியில் ஓடிவிடும். பார்ப்பவருக்கு நன்றாக வடிகிறது என்று தோன்றும், நடுவில் வேர்ப்பந்து காய்ந்தே கிடக்கும். தொட்டியோடு தூக்கி வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருவது நிற்கும் வரை கால் மணி நேரம் வைத்தார்கள். மறுநாள் காலையில் நிமிர்ந்துவிட்டது. அத்தனை செடியிலும் சட்டென்று எழுந்தது அது ஒன்றுதான்.

மல்லி அப்படி எழவில்லை. மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பையன் தினமும் வந்து விரலை விட்டுப் பார்ப்பான், "ஈரமா இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போவான். செடி பக்கத்தில் வாளியோடு போய், ஊற்றாமல் திரும்பி வருவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஜூன் இரண்டாவது வாரத்தில் ஒரு கணுவில் அரிசி அளவு பச்சை தெரிந்தது. கடைசியில் ஏழில் நான்கு தேறின. மூன்று போய்விட்டன. தங்கச்சிமடத்துச் செடி அந்த மூன்றில் ஒன்று.

அந்தச் செடிக்காக டீச்சர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. காலித் தொட்டியை மட்டும் இடம் மாற்றாமல் வைத்திருந்தார்.

பக்கத்து வீட்டுக்குப் போன மல்லிப் பதியன் ஞாபகம் இருக்கிறதா? அது அந்த வீட்டுக் கொல்லையில் அடியில் நாலு ஓட்டை போட்ட ஒரு பெயிண்ட் வாளியில் இருந்தது. அரிசி கழுவிய தண்ணீர் ஞாபகம் வந்தால் கிடைக்கும், இல்லையென்றால் இல்லை. நவம்பர் கடைசியில் தரையில் இருந்து ஒன்றரை அடி விட்டு வெட்ட வேண்டும் என்றெல்லாம் அங்கே யாரும் பார்த்தது கிடையாது. அது பாட்டுக்குப் பூத்துக் குலுங்கியது. கோபத்தில் பேச்சு நின்றிருந்த அந்த நான்கு நாளும்கூடப் பூத்தது.

ஜூலையில் ஒரு நாள் பையனின் அம்மா மாடிக்கு வந்து, டீச்சரைக் கேட்காமலே அந்தக் காலி சிமெண்ட் தொட்டியைப் பையனைவிட்டுத் தூக்கச் சொன்னார். வாளிச் செடியின் நீண்ட கிளை ஒன்றை வளைத்து, கணுவுக்கு அடியில் லேசாகக் கீறி, தொட்டி மண்ணுக்குள் புதைத்து, மேலே ஒரு செங்கல் துண்டைப் பாரமாக வைத்தார். வேர் பிடிக்க மூன்று நாலு மாதம் ஆகும். வாரத்துக்கு ஒரு முறை செங்கலைத் தூக்கிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்குவது பையனுக்கு வழக்கமாகிவிட்டது. 500 ரூபாய் எப்போது ஃப்ரிட்ஜ் மேலிருந்து காணாமல் போனது என்பதை இரண்டு வீட்டிலும் யாரும் கவனிக்கவில்லை.

நவம்பரில் பேரனுக்குக் காதுகுத்து. டீச்சர் மறுபடியும் பெங்களூர் கிளம்பினார், பத்து நாள். பதியம் வேர் பிடித்து, வெட்டி எடுத்த சிமெண்ட் தொட்டி மாடிக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கிளம்பும் முன் பையனிடம் ஒரு தாளை நீட்டினார். இந்த முறை அதில் மக் கணக்கு எதுவும் இல்லை.

"விரலை விட்டுப் பார். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. மழை பெய்தால் வராதே."

அவன் படித்துவிட்டு, "நோட்டுல டிக் அடிக்கணுமா டீச்சர்?" என்று கேட்டான்.

"அடி. ஊத்தாத அன்னைக்கும் அடி" என்று சொல்லிவிட்டு டீச்சர் ஆட்டோவில் ஏறினார்.